மோட்டார் ஓடுகிறது, கட்டணத்தை யார் கட்டுகிறார்?

உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி நம்மிடம் இப்படிக் கேட்டார்: “அண்ணாச்சி, 2022-ல் மின்சாரம் யூனிட் இருபது ரூபாய்க்குப் போனதாம். அரசு தலையிட்டு விலைக்கு உச்சவரம்பு போட்டதாம். நமக்குத்தான் இலவச மின்சாரம் ஆச்சே! விலை ஏறினால் நமக்கு என்ன, இறங்கினால் என்ன?”

கேள்வி நியாயமானதுதான். நம் பம்புசெட்டுக்குப் பில் வருவதில்லை. ஆனால் பில் வராததால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் செலவை வேறொருவர் தருகிறார். அவர் யார், எதுவரை தருவார், அதில் நம் பங்கு என்ன என்பதை ஒவ்வொரு சிறு விவசாயியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த வாரப் பாடம் அதுவே.

ஒரு காசு பட்ட பாடு

முதலில் பழைய கதையைச் சற்று நினைவு கூர்வோம். 1970-ல் தமிழ்நாட்டில் பம்புசெட் மின்சாரம் யூனிட் 8 காசாக இருந்தது. அதை 10 காசாக உயர்த்தினார்கள். கோவை மாவட்ட விவசாயிகள் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் எதிர்த்து நின்றார்கள். அவ்வாண்டு ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டனர். பிறகு அரசு ஒரு காசு குறைத்தது.

1972-ல் மீண்டும் கட்டணம் ஏறியது. கோவை நகரத்துச் சாலைகளை மாட்டு வண்டிகளால் நிறைத்து விவசாயிகள் போராடினார்கள். ஜூலை 5 அன்று பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்த நாளை இன்றும் விவசாய சங்கங்கள் தியாகிகள் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

இரண்டு காசுக்கு இவ்வளவா என்று இன்றைய இளைஞர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் 4 யூனிட் இழுக்கும். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 24 யூனிட். ஆண்டில் 200 நாள் ஓடினால் 4,800 யூனிட். 8 காசு வீதம் 384 ரூபாய். 10 காசு வீதம் 480 ரூபாய். வித்தியாசம் 96 ரூபாய். அன்றைய கூலியும் அன்றைய விளைபொருள் விலையும் தெரிந்தவர்களுக்கு 96 ரூபாயின் கனம் தெரியும்.

போராட்டம் வீண் போகவில்லை. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. மற்றவர்களுக்கு யூனிட் கணக்கை விட்டு, குதிரைத்திறன் கணக்கில் ஆண்டுக் கட்டணம் வைத்தது. 1990-ல் கலைஞர் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கியது. அதைக் காண நாராயணசாமி நாயுடு இல்லை. அவர் 1984 டிசம்பர் 21-ல் காலமானார். அவர் உயிர் பிரிந்த இடம் நம் மாவட்டத்துக் கோவில்பட்டி.

2003-ல் கட்டணம் மீண்டும் வந்தது. சிறு, குறு விவசாயிகளுக்கு அந்தத் தொகையை மணியார்டரில் திருப்பித் தருவோம் என்றார்கள். முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள் என்ற ஏற்பாட்டை விவசாயிகள் விரும்பவில்லை. 2004-ல் இலவசம் திரும்பியது. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட மின்சாரத் திருத்த வரைவில் மானியத்தை நேரடியாகப் பயனாளிக்கே தரும் யோசனை வந்தபோது தமிழகம் எதிர்த்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

விலையை அடக்க நான்கு வழிகள்

மின்சாரம் தட்டுப்படும் காலத்தில் அரசு கையில் எடுக்கும் வழிகள் நான்கு.

ஒன்று, விற்கும் விலையைத் தானே நிர்ணயிப்பது. தமிழ்நாட்டில் இப்போது இந்த வேலையை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் செய்கிறது.

இரண்டு, நிர்ணயித்த விலையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அரசே கட்டுவது. இதுதான் மானியம். நம் இலவச மின்சாரம் இந்த வகை.

மூன்று, மின்வாரியம் வெளியில் வாங்கும் மின்சாரத்துக்கு உச்சவரம்பு வைப்பது.

நான்கு, விலையைத் தொடாமல் நேரத்தைக் குறைப்பது. அதாவது மின்வெட்டு. இதை நாம் மறக்க முடியாது. 2008 முதல் 2015 வரை தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 2012-ல் கிராமங்களில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. பகலில் 6 மணி, இரவில் 3 மணி என்று மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்தது. இரவு இரண்டு மணிக்கு டார்ச் லைட்டுடன் வாழைத் தோட்டத்துக்குப் போய் மடை மாற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்! விலை ஏறவில்லை, ஆனால் தூக்கமும், சில வேளை பாம்புக்கடியும் அதற்குப் பதிலாக வந்தன.

2022-ல் நடந்தது என்ன?

அவ்வாண்டு பிப்ரவரி 24-ல் உக்ரைன் போர் மூண்டது. நிலக்கரி, எரிவாயு விலை உலகெங்கும் தாவியது. இங்கோ மார்ச் மாதமே கடும் வெயில். கொரோனா முடிந்து ஆலைகளும் முழு வேகத்தில் ஓடின. அனல் நிலையங்களில் நிலக்கரிக் கையிருப்பு கரைந்தது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது கண்ணால் காணும் விஷயம். 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் துறைமுகத்தை ஒட்டியே அனல் மின் நிலையம் எழுந்தது. 1979-ல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக 210 மெகாவாட் அலகுகள் ஐந்து அமைந்தன. 2015-ல் நெய்வேலி நிறுவனமும் நம் மின்வாரியமும் கூட்டாக 500 மெகாவாட் அலகுகள் இரண்டை நிறுவின. இவற்றுக்கு அருகில் சுரங்கம் இல்லை. கிழக்குக் கரையிலிருந்து கப்பலில் நிலக்கரி வர வேண்டும். பற்றாக்குறைக்கு வெளிநாட்டிலிருந்தும் வர வேண்டும். ஆகவே கடலுக்கு அப்பால் விலை ஏறினால், நம் கரையில் எரியும் உலையின் செலவும் ஏறும்.

அன்றாடப் பற்றாக்குறைக்கு மாநிலங்கள் மின் சந்தையில் வாங்குகின்றன. அங்கே விலை அமையும் விதம் வேறு. நாளை வேண்டிய மின்சாரத்துக்கு இன்றே, 15 நிமிடத்துக்கு ஒரு விலையாகக் கேட்பும் தருதலும் நடக்கும். விற்பவர்கள் சொல்லும் விலைகளைக் குறைந்ததிலிருந்து அடுக்குவார்கள். தேவை நிறைவடைய எந்த விலை வரை போக வேண்டியிருக்கிறதோ, அந்தக் கடைசி விலையே எல்லோருக்கும் கிடைக்கும். காற்றாலைக்காரர் 3 ரூபாய்க்குத் தரத் தயார் என்றாலும், கடைசி ஆள் 20 ரூபாய் சொன்னால், அனைவருக்கும் 20 ரூபாய். 2022 மார்ச்சில் விலை அந்த அளவுக்குப் போயிற்று. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, ஏப்ரல் முதல் யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல் கூடாது என்றது. 2023 ஏப்ரலில் அது 10 ரூபாயாகக் குறைந்தது.

ஐரோப்பாவிலும் அதே ஆண்டில் இந்த நோய்க்கு மருந்து தேடினார்கள். அங்கே எரிவாயு நிலையங்களே கடைசி விலையைத் தீர்மானித்தன. ஆகவே ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின் நிலையங்களுக்கான எரிவாயு விலைக்கு வரம்பு கட்டின. பிரிட்டன் அக்டோபர் முதல் வீடுகளின் யூனிட் விலையைப் பிடித்து நிறுத்தி, மீதியை அரசுக் கருவூலத்திலிருந்து தந்தது. பணக்கார நாடுகளும் சந்தையைத் தன் போக்கில் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் உச்சவரம்பு மட்டும் போதுமா? போதாது. நெல்லுக்குச் சாகுபடிச் செலவைவிடக் குறைந்த விலையை அரசு நிர்ணயித்தால் யார் நாற்று விடுவார்? அதேபோல், இறக்குமதி நிலக்கரி எரிக்கும் தனியார் நிலையங்கள், இந்த விலைக்குக் கட்டாது என்று உலையை நிறுத்தி வைத்தன. எனவே 2022 மே மாதம் மத்திய அரசு, மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் கொண்டு, இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் முழு அளவில் ஓட வேண்டும் என்று உத்தரவிட்டது. எரிபொருள் செலவைக் கணக்கிட்டு விலை தரவும் ஏற்பாடு செய்தது. விலையை அடக்கும் கை, உற்பத்தியாளரின் செலவையும் கவனித்தால்தான் மின்சாரம் வரும்.

மீதியை யார் தருகிறார்?

இப்போது உடன்குடி நண்பரின் கேள்விக்கு வருவோம். அதே 5 குதிரைத்திறன் மோட்டார். அதே 24 யூனிட். சந்தையில் 20 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு நாள் செலவு 480 ரூபாய். 12 ரூபாய் வரம்பில் 288 ரூபாய். 10 ரூபாய் வரம்பில் 240 ரூபாய். வாரியம் தன் தேவை முழுவதையும் சந்தையில் வாங்குவதில்லை என்பது உண்மை. பற்றாக்குறையை மட்டுமே வாங்குகிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. நாட்டில் எங்கோ போட்ட வரம்பு நம் கிணற்றடிக்கும் எப்படி வந்து சேருகிறது என்பது இதனால் விளங்கும்.

இந்தத் தொகையை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

முதலாவது, மாநில அரசு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, சலுகை தர விரும்பும் அரசு அதற்கான பணத்தை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது. பணம் கட்டாவிட்டால் சலுகை உத்தரவு செல்லாது. நம் இலவசத்துக்குச் சட்ட வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, மற்ற மின் நுகர்வோர். தொழிற்சாலையும் கடையும் தரும் கூடுதல் கட்டணம் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஓரளவு துணை நிற்கிறது.

மூன்றாவது, கடன். விற்கும் விலை செலவுக்குக் கட்டாத ஆண்டுகளில் வாரியம் கடன் வாங்கியது. 2017-ல் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது தமிழக அரசு ஏற்றுக்கொண்ட வாரியக் கடன் மட்டும் 22,815 கோடி ரூபாய். அரசுக் கடன் என்பது யாருடைய கடன்? துணிக்கும் டீசலுக்கும் வரி கட்டும் நம் அனைவருடைய கடன்தான். 2012-லும் 2022-லும் வந்த பெரிய கட்டண உயர்வுகள், தள்ளிப்போட்ட செலவு ஒரு நாள் வாசலுக்கு வரும் என்பதைக் காட்டின.

இதனால் இலவசம் தவறு என்று நாம் சொல்லவில்லை. விளைபொருளுக்குத் தானே விலை வைக்க முடியாத சிறு விவசாயிக்கு இது அத்தியாவசியம். உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை. ஆனால் மீட்டர் இல்லாததால், விவசாயம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பது மதிப்பீடாகவே இருக்கிறது. வழியில் கசியும் மின்சாரமும் நம் கணக்கில் எழுதப்படக் கூடும். நம் உபயோகம் இவ்வளவுதான் என்று நாமே சொல்லத் தெரிந்திருந்தால், அந்த உரிமையை யாரும் எளிதில் அசைக்க முடியாது.

கடற்கரைக் கிணற்றின் கணக்கு

அரசும் மற்றவர்களும் தர முடியாத பங்கு ஒன்று உண்டு. அது தண்ணீர்.

நம் முத்துப்பார்களை நினைத்துப் பாருங்கள். அரசு அதிகாரிகள் முதலில் பாரைச் சோதிப்பார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் முத்துக்குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். பாரில் சிப்பி இல்லையென்றால், எந்த விலை வைத்தாலும் முத்து வராது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பழைய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நிலத்தடி நீரும் ஒரு பார்தான். மின் விலையைப் பூஜ்யமாக்க அரசால் முடியும்; ஊற்றை உண்டாக்க முடியாது.

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் தேரி மணலில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது; உப்புநீர் கனமானது. நீரியல் கண்ட விதி இது: கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். அதிகமாக இறைத்து மேல் மட்டம் 1 அடி நிரந்தரமாக இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலேறும். ஒரு அடிக்கு 40 அடி! இந்தக் கந்து வட்டிக்கு எந்த அரசும் மானியம் தராது.

உப்பு ஏறிய கிணற்றை மீட்கப் பல மழைக்காலங்கள் வேண்டும். வாழை இலை ஓரம் கருகுவதும், முருங்கை பூ உதிர்வதும், மண்மேல் வெள்ளை பூப்பதும் முன்னறிவிப்பாகலாம்.

விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் கரிசல் பக்கத்தில் கதை வேறு. அங்கே ஆழம்தான் எதிரி. 50 அடியிலிருந்து இறைத்த தண்ணீரை 100 அடியிலிருந்து இறைக்க இரு மடங்கு மின்சாரம் வேண்டும். மோட்டார் பழையதே என்றால் தண்ணீர் பாதியாகும். உடனே பெரிய மோட்டாரை மாட்டுகிறோம். அனுமதியின்றிப் பத்துப் பேர் இப்படிச் செய்தால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. வோல்டேஜ் இறங்கும். பக்கத்துக் காட்டுக்காரர் மோட்டாரில் காயில் எரியும். மின்சாரம் இலவசம், காயில் கட்டும் கூலி இலவசமா?

நாம் செய்ய வேண்டியவை

1. மோட்டார் ஓடிய நேரத்தை ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். 5 குதிரைத்திறனுக்கு மணிக்கு 4 யூனிட் என்று பெருக்குங்கள். ஆண்டு முடிவில் உங்கள் உபயோகம் உங்கள் கையில் இருக்கும்.

2. புட்வால்வு நல்ல அகலத் துளையுள்ளதாக இருக்கட்டும். குழாயில் வேண்டாத வளைவுகளை நீக்குங்கள். குறுகிய குழாயும் அடைத்த புட்வால்வும் தண்ணீரைக் குறைத்து மின்சாரத்தைத் தின்னும்.

3. கெபாசிட்டர் பொருத்துங்கள். 5 குதிரைத்திறனுக்கு 2 கே.வி.ஏ.ஆர். அளவு போதும். வோல்டேஜ் நிலைக்க உதவும். ஸ்டார்ட்டரை நேர் இணைப்புக் கொடுத்து ஏமாற்றாதீர்கள். மோட்டாருக்கும் உயிருக்கும் ஆபத்து.

4. குதிரைத்திறனைக் கூட்ட வேண்டுமானால் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்துச் செய்யுங்கள். விவசாய இணைப்பிலிருந்து செங்கல் சூளைக்கோ கடைக்கோ மின்சாரம் எடுத்தால் கட்டணமும் அபராதமும் வரும். எல்லா விவசாயிகளுக்கும் கெட்ட பெயரும் வரும்.

5. இணைப்பு தகப்பனார் அல்லது பாட்டனார் பெயரிலேயே இருந்தால், பாகப்பிரிவினைத் தகராறு முளைக்கும் முன் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். 2021-ல் அரசு ஒரு லட்சம் புதிய இணைப்புத் திட்டம் அறிவிக்கும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். இருக்கும் இணைப்பின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

6. வாழை, முருங்கை, மிளகாய்க்குச் சொட்டுநீர் மானியம் இருக்கிறது. சூரிய சக்திப் பம்புகளுக்கும் மத்திய, மாநில அரசுகள் மானியம் தருகின்றன. வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகுங்கள். ஆனால் ஒன்று: வெயிலுக்கும் பில் இல்லை. சூரியப் பம்பு வைத்தவரும் அளவோடுதான் இறைக்க வேண்டும்.

7. கடற்கரைப் பகுதியினர் ஆண்டுக்கு இருமுறை, கோடை முடிவிலும் மழை முடிவிலும், கிணற்று நீரைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். மின்கடத்துதிறன் 0.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. இறைப்பைக் குறைத்து, உப்பைத் தாங்கும் பயிருக்கு மாற வேண்டும்.

8. அமலைச் செடி மண்டிய குளம், தூர்ந்த கால்வாய் இவற்றைச் சீர் செய்ய ஊர் கூடி முயலுங்கள். குளத்தில் ஒரு அடி தண்ணீர் கூடினால் சுற்றுக் கிணறுகளில் மோட்டார் ஓடும் நேரம் குறையும்.

காற்றும் நம் கூட்டாளி

1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் மின்வாரியம் காற்றாலை நிறுவிச் சோதித்தது. பிறகு கயத்தாறு முழுவதும் காற்றாலைகள் எழுந்தன. ஆனி, ஆடிக் காற்றுக்கு நிலக்கரிக் கப்பல் வேண்டாம்; வெளிநாட்டுப் போரும் அதன் விலையை ஏற்றாது. காற்றடிக்கும் மாதங்களில் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் தட்டும். ஆகவே கோடைப் பயிரைச் சுருக்கிக்கொள்வது கிணற்றுக்கும் நல்லது, மின்வாரியத்துக்கும் நல்லது.

உடன்குடி நண்பருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: “விலை ஏறினால் உங்களுக்குப் பில் வராது, அண்ணாச்சி. ஆனால் மின்வெட்டாக வரலாம்; வரியாக வரலாம்; இலவசத்தை நிறுத்து என்ற குரலாக வரலாம். அரசு விலையைப் பிடித்து நிறுத்துவது நமக்கு அவகாசம் தருவதற்காக. அந்த அவகாசத்தில் உங்கள் கிணற்றைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.”

அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்போ ஒரு நோட்டு வாங்கணும்” என்றார். நீங்களும் இன்றே வாங்கலாமே!